பராமரிப்பு வேலைக்கு அப்ரெண்டிஸாகச் சேர்வது எப்படி? செட்டிநாட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எந்த ஊர்த் தெருவில் நடந்தாலும் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் இதே நிலைமைதான். முன்னால் ஒரு தெரு, பின்னால் ஒரு தெரு என்று நீளும் வீடு. உள்ளே எண்பதைத் தாண்டிய ஆச்சியோ ஐயாவோ ஒருவர். பிள்ளைகள் சென்னையிலோ, சிங்கப்பூரிலோ, அமெரிக்காவிலோ. கூட இருப்பது 'பார்த்துக்கிற ஆள்'. அந்த ஆளுக்குத்தான் இன்று எங்கள் பக்கம் பெரிய தட்டுப்பாடு. கோயில் திருவிழாவில் பார்த்தாலும், கல்யாண வீட்டில் பார்த்தாலும் "நல்ல ஆளா ஒருத்தர் இருந்தா சொல்லுங்க" என்று கேட்காதவர்கள் குறைவு.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் வாய்வழியாகத்தான் ஆள் போகிறார்கள். தெரிந்தவர் சொல்வார், மறுநாள் போய் நிற்பார்கள். யாரும் எதுவும் கற்றுத்தருவதில்லை. இரண்டு வருஷத்தில் முதுகு போய்விடும், கையில் ஒரு காகிதமும் இருக்காது, பெரியவர் காலமானால் வேலையும் முடிந்துவிடும். இதையே முறையாகப் பழகி, சான்றிதழோடு, அடுத்த படிக்கு ஏறும் தொழிலாக எடுத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அதுதான் தொழிற்பழகுநர் பயிற்சி, நாம் அப்ரெண்டிஸ் என்று சொல்வது. வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் மட்டும்தான் அப்ரெண்டிஸ் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இங்கே நிறைய. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் இன்று மருத்துவமனை உதவியாளர், வீட்டுப் பராமரிப்பாளர் போன்ற வேலைகளுக்கும் அப்ரெண்டிஸ் எடுக்கலாம்.

பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள், டிகிரி வாங்கிவிட்டு வீட்டில் இருப்பவர்கள், குழந்தை கொஞ்சம் வளர்ந்தபின் வேலைக்குத் திரும்ப நினைக்கும் பெண்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்?

பராமரிப்பு என்பது ஒரே வேலை இல்லை. முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், பெற்றோர் பராமரிப்பு இல்லாத குழந்தைகள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள் என்று நாலு பக்கம் பிரியும். ஒவ்வொன்றுக்கும் மனசும் உடம்பும் வேறு விதமாக வேண்டும்.

குழந்தைகள் பக்கம் போக நினைப்பவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு பெறாத குழந்தைகள் இல்லம் இயங்கவே கூடாது. பதிவு இல்லாத இடத்தில் சேர்ந்தால் நாளைக்குப் பிரச்சினை உங்கள் தலையிலும் விடியும். அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்டால் எந்த இல்லம் பதிவானது என்று சொல்வார்கள்.

மாற்றுத்திறனாளிகள் பக்கம் நல்ல எதிர்காலம் இருக்கிறது என்பது என் கணிப்பு. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை அங்கீகரித்திருக்கிறது. தமிழக அரசின் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் சிறப்பாசிரியர் போன்ற வேலைகளுக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் கட்டாயம். அப்ரெண்டிஸ் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார முடியாது. உதவியாளராக நுழைந்து, பிறகு படித்து மேலே போகலாம்.

செட்டிநாட்டில் பெரும்பாலோருக்குக் கைக்கு எட்டுவது முதியோர் பராமரிப்புதான். ஆகவே இனிமேல் சொல்வது பெரும்பாலும் அதைப் பற்றியே.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பக்கத்து முதியோர் இல்லம் எதிலாவது அனுமதி கேட்டுச் சில நாள் சும்மா போய் இருங்கள். கதை பேசிவிட்டு வருவது போதாது. காலை ஆறு மணிக்குப் போங்கள். பல் விளக்கிவிடுவது, மலஜலம் சுத்தம் செய்வது, குளிப்பாட்டுவது எல்லாம் அப்போதுதான் நடக்கும். அந்த இரண்டு மணி நேரத்தைத் தாங்க முடிந்தால் இந்தத் தொழில் உங்களுக்கு வரும். முடியவில்லை என்றால் அதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் தெரிந்துகொள்வதைவிட முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

எந்தக் கதவு உங்களுக்கு?

மத்திய அரசில் இரண்டு கதவுகள். ஒன்று, 2016-இல் தொடங்கிய தேசிய தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம், சுருக்கமாக நேப்ஸ். பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்கு இதுதான். இன்னொன்று தேசிய தொழிற்பழகுநர் பயிற்சித் திட்டம், சுருக்கமாக நாட்ஸ். இது டிப்ளமோவும் டிகிரியும் முடித்தவர்களுக்கு. பொறியியல் படித்தவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களும் சேரலாம். சமூகப்பணியோ உளவியலோ படித்தவர்கள், ஒரு தொண்டு நிறுவனத்தில் அலுவலகமும் களமும் கலந்த வேலை பழக வேண்டும் என்றால் நாட்ஸ் வழியைப் பாருங்கள்.

நேப்ஸில் நீங்கள் தேட வேண்டிய பெயர்கள்: ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் (மருத்துவமனை உதவியாளர், ஆஸ்பத்திரிகளில் ஜி.டி.ஏ. என்பார்கள்), ஹோம் ஹெல்த் எய்ட் (வீட்டுப் பராமரிப்பாளர்), முதியோர் பராமரிப்பு உதவியாளர். இவற்றின் பாடத்திட்டத்தை வகுப்பது சுகாதாரத் துறைக்கான திறன் கவுன்சில். இவை 'விருப்பத் தொழில்' என்ற பிரிவில் வரும். அந்தப் பிரிவில் பயிற்சிக் காலம் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை இருக்கலாம். அதனால் எத்தனை மாதம் என்று ஒவ்வோர் இடத்திலும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வயதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். சட்டப்படி பதினான்கு வயதுக்கு மேல் சேரலாம். ஆனால் இந்த வேலைக்குப் பதினெட்டுக்கு முன் போக வேண்டாம் என்பேன். இன்னொருவர் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைக்கு உடல் பலத்தோடு கொஞ்சம் முதிர்ச்சியும் வேண்டும். உதவித்தொகையில் மத்திய அரசு தரும் பங்கு 35 வயது வரைக்கும்தான். அதைத் தாண்டிய பெண்கள் குறுகிய காலப் பயிற்சி எடுத்துவிட்டு நேராக வேலைக்குப் போவதே லாபம்.

குறுகிய காலப் பயிற்சி முதலா, அப்ரெண்டிஸ் முதலா? யாரையும் இதுவரை தூக்கிக் குளிப்பாட்டிப் பழக்கமே இல்லாதவர் என்றால், பயிற்சி முதலில் என்பேன். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம் வழியாகவும், கிராமப்புற இளைஞர்களுக்கான தீனதயாள் உபாத்யாயா திட்டம் வழியாகவும் கட்டணம் இல்லாமல் வகுப்புகள் நடக்கின்றன. பின்னதில் தங்கும் இடமும் சேர்த்தே தருகிறார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் மகளிர் திட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள். பஸ் ஸ்டாண்டு சுவரில் 'நர்சிங் அசிஸ்டென்ட், 100 சதவீத வேலை' என்று ஒட்டியிருக்கும் இடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இடம் தேடுவது

மத்திய அரசின் அப்ரெண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஆதார், கல்விச் சான்றிதழ், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு, கைப்பேசி எண் இவ்வளவுதான் தேவை. எங்கள் பக்கம் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், மார்க் ஷீட்டில் ஒரே ஓர் எழுத்து இருக்கும், பாங்க் பாஸ்புக்கில் அதுவும் இருக்காது. மூன்றையும் முதலில் ஒன்றாக்கிவிட்டுப் பதிவு செய்தால் பிறகு பணம் வராமல் அலைய வேண்டியதில்லை.

செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான்காரர்களுக்குச் சிவகங்கை. கோனாபட்டு, ராயவரம், அரிமளம்காரர்களுக்குப் புதுக்கோட்டை. உங்கள் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும், அரசு ஐ.டி.ஐ.களிலும் தொழிற்பழகுநர் சேர்க்கை முகாம்கள் நடக்கும். முகாமில் மோட்டார் கம்பெனிகளும் நூற்பாலைகளும்தான் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆஸ்பத்திரிக்காரர்கள் யாராவது வருகிறார்களா என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள்.

"எங்க ஆச்சி வீட்டுலயே அப்ரெண்டிஸா இருக்கலாமா?" என்று ஒரு பெண் கேட்டாள். முடியாது. குறைந்தது நாலு பேராவது வேலை பார்க்கும் நிறுவனம்தான் அப்ரெண்டிஸ் எடுக்க முடியும். முப்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். அதனால் தனி வீடுகளை விட்டுவிடுங்கள். மருத்துவமனை, பதிவு பெற்ற முதியோர் இல்லம், வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனம் ஆகிய இந்த மூன்றில்தான் தேட வேண்டும். முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள ஆஸ்பத்திரியாக இருந்தால் அவர்கள் போர்டலில் அறிவிப்பு போடாவிட்டாலும் நீங்களே போய்க் கேட்கலாம். எடுத்தாக வேண்டியவர்கள் அவர்கள். காரைக்குடியில் அமையாவிட்டால் மதுரை, திருச்சி என்று பார்க்க வேண்டிவரும். தினமும் போய்வரும் தூரமில்லை. விடுதிச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரில் போய்ப் பார்ப்பது

இதில்தான் அவசரப்படக்கூடாது. உதவித்தொகை எங்கே ஆயிரம் ரூபாய் கூட என்று பார்த்துச் சேர்பவர்கள் அதிகம். நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: "எனக்கு யார் சொல்லித்தருவார்?"

பதிலுக்கு ஒரு பெயர் வர வேண்டும். "இங்க எல்லாரும் சொல்லித்தருவாங்க" என்றால் யாரும் சொல்லித்தரமாட்டார்கள் என்று பொருள். பெயர் வந்தால், அந்த அக்காவையோ அண்ணனையோ பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவருக்கு இந்தத் தொழிலில் எத்தனை வருஷம், அவருடைய ஷிஃப்டும் உங்கள் ஷிஃப்டும் ஒன்றா, அவர் லீவு போட்டால் யார் என்று விசாரியுங்கள். அவர் பகல், நீங்கள் இரவு என்றால் அந்தப் பயிற்சியில் அர்த்தமில்லை. சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் அப்ரெண்டிஸ் என்பது குறைந்த கூலிக்கு ஆள் எடுக்கும் இன்னொரு வழி, அவ்வளவுதான். ஆட்டோ ஒர்க்ஷாப்பில் தப்பாகக் கற்றால் போல்ட் உடையும். இங்கே உடைவது தொண்ணூறு வயது இடுப்பெலும்பு.

சொல்லித்தருவது என்றால் என்ன? ஒரு ஆச்சியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும் காரியத்தையே எடுத்துக்கொள்வோம். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோனவர். தெரியாத ஆள் என்ன செய்வார்? இரண்டு கையையும் பிடித்து இழுப்பார், அல்லது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார். விழுந்த பக்கத்துத் தோள்மூட்டு அப்போதே நழுவலாம். தெரிந்த ஆள் முதலில் நாற்காலியை ஆச்சியின் நல்ல பக்கத்தில் கொண்டுவந்து போடுவார். பிரேக்கைப் பூட்டுவார், கால் வைக்கும் தட்டை மடக்குவார். கண்டாங்கிச் சேலையின் முந்தானையைச் சக்கரத்தில் சிக்காதபடி இடுப்பில் செருகிவிடுவார். "ஆச்சி, இப்ப உக்காரப் போறோம், சரியா?" என்று கேட்டுவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்காரவைப்பார். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். அப்படியே ஒன்றிரண்டு நிமிஷம் விடுவார். படுத்திருந்தவர் எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அது நிற்க வேண்டும். அப்புறம் தன் முழங்காலால் ஆச்சியின் பலமில்லாத முழங்காலுக்கு முட்டுக்கொடுத்து, இடுப்புப் பட்டையைப் பிடித்து, தன் முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எழுந்து, ஆச்சியைத் திருப்பி உட்காரவைப்பார். எல்லாம் சேர்த்துச் சில நிமிஷம்தான். இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று, "தம்பி, உன் கால அகட்டி வை" என்று சொன்னால்தான் வரும்.

நீங்கள் போயிருக்கும்போது இப்படி ஒரு மாற்றலைப் பார்க்கக் கிடைத்தால் அதைவிட நல்ல விளம்பரப் பலகை வேறில்லை.

இன்னும் சில அடையாளங்கள் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர்களின் கட்டிலுக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்தார்கள் என்று எழுதிய தாள் தொங்குகிறதா? இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுவது நடைமுறை. நாளைக்கு எழுத வேண்டியதையும் இன்றைக்கே எழுதிவைத்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள். பெரியவர்களின் நகம் வெட்டியிருக்கிறதா? கையுறை அலமாரியில் பூட்டியிருக்கிறதா, எடுக்கும் இடத்தில் இருக்கிறதா? கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா? யாராவது "அம்மா" என்று கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறார்? வரவேற்பறையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வந்தால் இது எதுவும் தெரியாது. உள்ளே விடமாட்டோம் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

படுக்கைப்புண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல பயிற்சியாளர் முதல் வாரத்திலேயே இதைக் காட்டித்தருவார். வால் எலும்பு, குதிகால், இடுப்புப் பக்கம், தோள்பட்டை, முழங்கை, பின்தலை என எலும்பு தோலை அழுத்தும் இடமெல்லாம் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பது, எடுத்ததும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்பது பாடம். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. புறங்கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழப்பாகவோ இருந்தால் உடனே சொல்ல வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த உதவியாளருக்கு நர்சுகள் தனி மரியாதை தருவார்கள்.

பணமும் ஒப்பந்தமும்

உதவித்தொகையின் குறைந்தபட்ச அளவை அரசு வகுத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி பத்தாவது முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாய், பன்னிரண்டாவது முடித்தவருக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000. இதை உயர்த்த வேண்டும் என்று மத்தியத் தொழிற்பழகுநர் கவுன்சில் 2025-இல் பரிந்துரைத்தது. ஆகவே நீங்கள் சேரும் மாதத்தில் தளத்தில் என்ன தொகை போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது குறைந்தபட்சம்தான், நிறுவனம் மேலே தரத் தடையில்லை. நேப்ஸில் இந்தத் தொகையில் கால் பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய், மத்திய அரசிடமிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரும். மீதியை நிறுவனம் போடும். இரண்டும் தனித்தனியாக வருவதால் பாஸ்புக்கை மாதாமாதம் பாருங்கள். நிறுவனப் பங்கு மட்டும் வந்து அரசுப் பங்கு வராமல் இருந்தால் ஆதார் இணைப்பில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

ஒப்பந்தம் போர்டலில் பதிவாகி அதற்கு ஒரு எண் வர வேண்டும். எண் இல்லாதவரை நீங்கள் சட்டப்படி அப்ரெண்டிஸ் இல்லை. "நீ வேலைக்கு வா, பேப்பர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லும் இடத்தில் பேப்பர் கடைசிவரை வராது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும். அசல் சான்றிதழ்களைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

சில விஷயங்களை முன்பே தெரிந்துகொண்டால் பின்னால் மனக்கசப்பு வராது. அப்ரெண்டிஸ் என்பவர் சட்டத்தின் பார்வையில் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று நிறுவனத்துக்குக் கட்டாயமும் இல்லை. ஆனால் வேலையின்போது அடிபட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் பார்க்கவைக்கக் கூடாது. "நைட் ஆள் வரல, நீயே இரு" என்பது இந்தத் தொழிலில் வாரம் ஒருமுறை கேட்கும் வசனம், அதனால்தான் சொல்கிறேன். நடுவில் விட்டுப்போனால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. நிறுவனத்தின் தவறால் பயிற்சி முறிந்தால் அவர்கள் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும். இது ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். புரியாவிட்டால் வாசித்துச் சொல்லத் தெரிந்தவரைக் கூட்டிப்போங்கள்.

சேர்ந்தபின் முதல் சில மாதங்கள்

ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. ரத்தமும் மற்ற கழிவுகளும் கையில் படும் வேலை இது. நிறுவனம் போட்டுவிடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் நர்ஸ் இல்லை. ஊசி போடுவது, சலைன் ஏற்றுவது உங்கள் வேலையில் வராது. வீட்டுக்காரர்கள் "ஒரு ஊசிதானே, போட்டுவிடு" என்பார்கள். நன்றாகப் பழகியவர்கள் கேட்கும்போது மறுப்பது கஷ்டம்தான். "எனக்கு அதுக்கு அனுமதி இல்ல ஆச்சி, நர்ஸ் அக்காவக் கூப்பிடுறேன்" என்று சிரித்த முகமாகச் சொல்லப் பழகுங்கள்.

பயிற்சி ஆஸ்பத்திரியில் நடந்தாலும் பிறகு நீங்கள் போகப்போவது செட்டிநாட்டு வீடுகளுக்குத்தான் என்றால், அந்த வீடுகளைப் பராமரிப்பாளர் கண்ணால் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். முகப்பிலிருந்து வளவு (நடு முற்றம்), இரண்டாம் கட்டு என்று தாண்டிப் போனால் ஒவ்வொரு வாசல் நிலையிலும் ஒரு உயர்ந்த படி. காலைத் தூக்கி வைக்க முடியாதவருக்கு ஒவ்வொன்றும் ஒரு கண்டம். ஆத்தங்குடித் தளம் கண்ணாடி மாதிரி வழவழப்பு, தண்ணீர் பட்டால் இளைஞர்களே வழுக்குவார்கள். கழிப்பறை பழைய வீடுகளில் பின்கட்டுக்கும் அப்பால். இரவு இரண்டு மணிக்கு ஐயா எழுந்து அவ்வளவு தூரம் நடப்பதற்குள் விழுவது நடக்கக்கூடிய காரியம். அங்கே நல்ல பராமரிப்பாளர் முதல் நாளே செய்வது: கட்டிலுக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலி, வழியெல்லாம் இரவு விளக்கு, வழுக்காத செருப்பு, வளவில் தண்ணீர் தெளித்துத் துடைக்கும் நேரத்தைப் பெரியவர் தூங்கும் நேரத்துக்கு மாற்றுவது. வீட்டை இடிக்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம்.

சாப்பாடும் அப்படித்தான். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். சாப்பிடும்போது இருமல் வருகிறதா, குரல் கரகரக்கிறதா என்று கவனியுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும். சாப்பிட்டதும் உடனே படுக்கவைக்காமல் அரை மணி நேரமாவது உட்காரவிட வேண்டும். எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று டாக்டரிடமோ, விழுங்கும் பயிற்சி தருபவரிடமோ கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். "நாக்குக்கு ருசியா ஒரு வாய் பணியாரம் குடு" என்று ஆச்சி கேட்பார். கொடுக்கலாமா என்பதை அன்பு முடிவு செய்யக்கூடாது, அந்தக் குறிப்பேடு முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் நம்பிக்கை. பெரிய வீடுகளில் வெள்ளிப் பாத்திரமும் நகையும் இருக்கும். பீரோவைத் திறக்க வேண்டி வந்தால் வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். மருந்து, காய்கறி என்று கையில் கொடுத்த பணத்துக்கு அன்றன்றைக்கே கணக்கு எழுதுங்கள். பெரியவர் தனியாகக் கூப்பிட்டுப் பணம் கொடுத்தால் வாங்காதீர்கள், மறதி நோய் உள்ளவராக இருந்தால் நிச்சயம் வாங்காதீர்கள். பார்த்துக்கொள்பவரின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடவே கூடாது, பிறந்தநாள் என்றாலும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெரியவரை வீட்டிலேயே யாராவது அடிப்பதோ, சோறு போடாமல் வைப்பதோ, கையெழுத்து வாங்குவதோ தெரிந்தால் முதலில் உங்கள் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181. பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்கவேண்டும் என்பதற்கே 2007-இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. நீங்கள் சொல்வது புறம் பேசுவது ஆகாது.

பயிற்சி முடிந்தபின்

மதிப்பீட்டுத் தேர்வில் தேறினால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். தேர்வுத் தேதி, செய்முறையில் என்ன கேட்பார்கள் என்பதைக் கடைசி மாதத்தில் கேட்டு அலைய வேண்டாம், முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழோடு, நீங்கள் என்னென்ன வேலை செய்யப் பழகினீர்கள் என்று உங்கள் பயிற்சியாளர் கையெழுத்திட்ட குறிப்பேடும் இருந்தால் வேலை கேட்கும்போது அதற்குத்தான் மதிப்பு அதிகம்.

அங்கிருந்து பல திசைகள். பன்னிரண்டாவது முடித்திருந்தால் இரண்டு வருஷ ஏ.என்.எம்., மூன்று வருஷ ஜி.என்.எம். நர்சிங் படிப்புகள் இருக்கின்றன. பத்தாவதோடு நின்றவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவதை எழுதலாம். வேலையில் இருந்துகொண்டே சமூகப்பணி படிக்க இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்.டபிள்யூ. இருக்கிறது. உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்பவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆள் எடுக்கும் அறிவிப்புகளைக் கவனியுங்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் செய்யும் வலிநிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் அதில் உண்டு.

வெளிநாடு என்றதும் எங்கள் பக்கம் காது தீட்டிக்கொள்ளும். பர்மா, மலேயா காலத்திலிருந்து வந்த பழக்கம் அது. "கேர்கிவர் விசா, ரெண்டு மாசத்துல லண்டன்" என்று இன்னும் சில ஏஜென்டுகள் சொல்லித் திரிகிறார்கள். பிரிட்டன், பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுக்கும் வழியை 2025 ஜூலை 22-ஆம் தேதியோடு மூடிவிட்டது. அந்த ஊர் அப்ரெண்டிஸ் திட்டமும் அங்கே ஏற்கெனவே வசித்து வேலை பார்க்கும் உரிமை உள்ளவர்களுக்குத்தான். ஜப்பானுக்குக் குறிப்பிட்ட திறன் பணியாளர் விசாவில் பராமரிப்பு வேலைக்குப் போகும் வழி இருக்கிறது. அதற்கு ஜப்பானிய மொழித் தேர்வும் பராமரிப்புத் திறன் தேர்வும் தேற வேண்டும். மொழிக்கே பல மாதம் உட்கார வேண்டியிருக்கும்.

வெளிநாட்டு யோசனை இருந்தால் முதலில் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரியுங்கள். 1978-இலிருந்து இயங்கிவருகிறது. தனியார் ஏஜென்ட் என்றால் அவருடைய பதிவு எண்ணை வாங்கி, வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், அதற்கு ரசீதும் தர வேண்டும். எண் தளத்தில் வரவில்லை என்றாலோ, லட்சத்தில் பேச ஆரம்பித்தாலோ, பாஸ்போர்ட்டைப் பையை விட்டு வெளியே எடுக்காமல் கிளம்பி வந்துவிடுங்கள்.